ஆயிரம் ரூபாத் தண்டமும் பதினான்கு நாள் தவணையும்

கடைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நான் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அதன் தலைப்பில் “லொறி - தண்டம் - 1,000” என்றிருக்கும். அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போய், கடைசியில் கூட்டிப் பார்த்தால் முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். ஆயிரம் ரூபா எப்படி முப்பதாயிரமானது என்பதைச் சொன்னால், எம்மைப் போன்ற வர்த்தகர்களுக்கு ஒரு பாடமாக இருக்கும் என்பதால்தான் இவ்வாரம் இதனை எழுதுகிறேன்.

ஹட்டனில் எமது மொத்த வியாபாரக் கடையிலிருந்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கத் தோட்டக் கடைகளுக்கு அரிசி, மா, சீனி, பருப்பு அனுப்புவதற்கு ஒரு சிறிய லொறி இருக்கின்றது. சாரதி தோட்டத்துப் பிள்ளை. நேர்மையானவர். ஒரு நாள் சாமான் இறக்குவதற்காக வாகனத்தை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருக்கிறார். போக்குவரத்துப் பொலிஸார் வந்து சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். தொகை 1,000 ரூபா.

அவர் என்னிடம் சொல்லவில்லை. சம்பளம் எடுத்ததும் கட்டலாம் என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சம்பளம் வந்தது, வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போக அது அதற்கே சரியாகிவிட்டது. பதினான்கு நாள் கடந்தது. பின்னர் இருபத்தெட்டு நாளும் கடந்தது. வேறோர் இடத்தில் பொலிஸார் மறித்துச் சீட்டைப் பார்த்தபோதுதான் விடயம் வெளியே வந்தது. பிறகு அழைப்பாணை, நீதிமன்றம், தவணை என்று அலைச்சல். தீபாவளி வியாபாரம் சூடு பிடித்திருந்த வாரத்தில் லொறி கடை வாசலில் நின்றது.

நீதிமன்றத்தில் கட்டிய தொகை பெரிதல்ல. கூலிக்குப் பிடித்த சாரதிக்குக் கொடுத்தது, சட்டத்தரணிக்குக் கொடுத்தது, போக்குவரத்துச் செலவு, நேரத்துக்குச் சாமான் போகாததால் வேறு கடைக்குக் கைமாறிய மூன்று தோட்டக் கடைகளின் வியாபாரம் என்று எல்லாம் சேர்ந்தே அந்த முப்பதாயிரம்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது?

எம்மில் பலர் தண்டச் சீட்டைப் பொலிஸார் எம்மீது போடும் ஒரு வரி போலவே பார்க்கிறோம். உண்மையில் இது எமக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடு.

எமது நாட்டில் வீதிக் குற்றங்களுக்கு அடிப்படையாக இருப்பது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். ஒவ்வொரு குற்றத்துக்கும் வழக்குத் தாக்கல் செய்வதென்றால் என்ன நடக்கும்? பொலிஸ் உத்தியோகத்தர் அறிக்கை எழுத வேண்டும், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும், அழைப்பாணை போக வேண்டும், சாரதி வர வேண்டும், வராவிட்டால் பிடியாணை பிறப்பிக்க வேண்டும். தலைக்கவசம் அணியாத ஒருவருக்காக இத்தனை பேருடைய நேரம் போகின்றது. அதே நீதவான்தான் களவு, அடிதடி, பராமரிப்பு வழக்குகளையும் விசாரிக்க வேண்டும். ஜீவனாம்சம் கேட்டு வந்து காத்திருக்கும் தாயின் வழக்குப் பிற்போடப்படுவதற்கு, அவளுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் இந்தச் சில்லறை வழக்குகளும் ஒரு காரணமாகின்றன. நாட்டின் நீதிமன்றங்களில் நிலுவையிலுள்ள வழக்குகள் பத்து இலட்சத்தைத் தாண்டியிருப்பதாக அண்மைய ஆண்டுகளில் நீதியமைச்சுத் தரப்பிலிருந்து கூறப்பட்டுள்ளது.

ஆகவே, குற்றத்தை ஒப்புக்கொள்பவர் நீதிமன்றம் வராமலேயே நிர்ணயிக்கப்பட்ட தொகையைக் கட்டி விடயத்தை முடித்துக்கொள்ளட்டும், மறுப்பவர் மாத்திரம் நீதவான் முன் போகட்டும் என்பதே இதன் தத்துவம். பிரித்தானியாவிலும் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முதலில் வாகனத் தரிப்புக் குற்றங்களுக்கே இந்த முறை கொண்டுவரப்பட்டது. ஓடும் வாகனங்களின் குற்றங்களுக்கு அது பின்னரே விரிவாக்கப்பட்டது.

எதற்கு எவ்வளவு?

எமது நாட்டில் 33 குற்றங்கள் இந்தப் பட்டியலில் அடங்குகின்றன. 2018 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் எம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிலவற்றைச் சொல்கிறேன். வாகனம் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவதற்கு 1,000 ரூபா. சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருக்காமைக்கு 1,000. வருமான அனுமதிப்பத்திரத்தை எடுத்துச் செல்லாமைக்கு 1,000. ஆசனப்பட்டி, தலைக்கவசம் அணியாமைக்கும் 1,000. வீதி ஒழுங்குகளைப் பேணாமைக்கு 2,000. லொறியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதற்கு 500. வேக எல்லையை மீறினால் 3,000 ரூபாவில் ஆரம்பமாகும்.

இவை காலத்துக்குக் காலம் வர்த்தமானி மூலம் திருத்தப்படக் கூடியவை. ஆகவே கணக்குக்கு எடுக்க வேண்டியது உங்கள் சீட்டில் எழுதப்பட்டிருக்கும் தொகையையே.

ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அனுமதிப்பத்திரத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருவது வேறு, அனுமதிப்பத்திரமே இல்லாமல் ஓட்டுவது வேறு. முன்னையது சீட்டோடு முடியும். பின்னையது நேரே நீதிமன்றம். குடிபோதையில் ஓட்டுவதும், காப்புறுதி இல்லாமல் ஓட்டுவதும் அப்படியே. இப்படியான பாரதூரமான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபா தண்டம் என்று 2017 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டபோது, 2016 டிசம்பர் ஆரம்பத்தில் தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்து பயணிகள் தெருவில் நின்றது பலருக்கு நினைவிருக்கலாம்.

சீட்டுக்கு உயிர் பதினான்கு நாள்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பொலிஸார் தரும் அந்தச் சீட்டு வெறும் பில் அல்ல. பறிக்கப்பட்ட அனுமதிப்பத்திரத்துக்குப் பதிலாக, பதினான்கு நாட்களுக்கு அதுவே தற்காலிக அனுமதிப்பத்திரம். அந்தப் பதினான்கு நாட்களுக்குள் தபாலகத்தில் தண்டப்பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டை உரிய பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். வழக்கும் இல்லை, அலைச்சலும் இல்லை.

பதினான்கு நாள் கடந்தால் தொகை இரட்டிப்பாகும். 1,000 ரூபா 2,000 ஆகும். இருபத்தெட்டு நாட்களும் கடந்தால் தபாலகத்தில் கட்டும் வழி அடைபட்டு, விடயம் நீதிமன்றம் போகும்.

தொகை இரட்டிப்பாவதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கின்றது. பதினைந்தாம் நாள் காலையில் உங்கள் சாரதியின் கையில் இருப்பது காலாவதியான கடதாசி. அன்றைக்கு அவர் வாகனம் ஓட்டினால் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவதாகவே ஆகும். அந்த நேரம் ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்ப இடமுண்டு. எமது லொறி இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பொகவந்தலாவ வளைவுகளில் அப்படித்தான் ஓடியிருக்கின்றது. கொழுந்துக் கூடையோடு வீதியோரம் நடந்து வரும் பெண்களும், பாடசாலைப் பிள்ளைகளும் உள்ள வீதி அது. அல்லாஹ் காப்பாற்றினான். அதை நினைத்தால் முப்பதாயிரம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

மலையகத்தில் உள்ள சிக்கல்

கொழும்பில் இருப்பவருக்குத் தபாலகமும் பொலிஸ் நிலையமும் பக்கத்தில் இருக்கும். தோட்டத்தில் இருப்பவர் காலை பஸ் எடுத்து நகரத்துக்கு வந்து, தபாலகத்தில் பணம் கட்டி, பொலிஸ் நிலையம் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல்தான் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வருமானத்தில் வாழும் குடும்பத்தின் பிள்ளைதான் முச்சக்கரவண்டியோ லொறியோ ஓட்டுகின்றது. எனக்கு ஆயிரம் ரூபா ஒரு மூட்டை சாமானில் ஈடு செய்யக் கூடிய தொகை. அவருக்கு அது வீட்டின் ஒரு நாள் சோறு. எல்லோருக்கும் ஒரே தொகை என்பது கேட்பதற்கு நீதியாக இருக்கும். சுமப்பவரின் தோளைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். பின்லாந்து நாட்டில் சில குற்றங்களுக்கு ஆளின் வருமானத்தைப் பார்த்தே தண்டம் அறவிடுகிறார்கள். வேகமாக ஓட்டிய பணக்காரர்களுக்கு அங்கே பெருந்தொகை விதிக்கப்பட்டது உலகச் செய்தியாகியிருக்கின்றது. ஆனால் அப்படி ஒவ்வொருவரின் வருமானத்தையும் ஆராயப் போனால் வேலை குறையாது, கூடத்தான் செய்யும். இலகுவாக முடிய வேண்டும் என்பதற்காகத்தான் ஒரே தொகை.

இன்னொரு சிக்கல், அனுமதிப்பத்திரம் சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்தில் இருப்பது. ஹட்டன் லொறி மரக்கறிக்குத் தம்புள்ளை போய் அங்கே சீட்டு வாங்கினால், பணத்தை ஹட்டன் தபாலகத்தில் கட்டலாம், ஆனால் அனுமதிப்பத்திரத்துக்குத் தம்புள்ளைப் பக்கம் திரும்பவும் போக வேண்டும். மூன்றாவது, பொலிஸார் கையால் எழுதித் தரும் விபரம் பெரும்பாலும் சிங்களத்தில் இருப்பது. வாசிக்கத் தெரியாத பிள்ளை வெட்கத்தில் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடும். எந்தக் குற்றம், எவ்வளவு தொகை, கடைசித் திகதி எது என்ற மூன்றையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

தூரத்துச் சிக்கலுக்கு இப்போது ஒரு வழி பிறந்திருக்கின்றது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ‘கவ்பே’ என்ற இணையவழிக் கொடுப்பனவு முறையை ஆரம்பித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் குருணாகல் - அனுராதபுரம் வீதியில் தண்டப்பணத்தையும் அதன் மூலம் செலுத்துவதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பின்னர் ஏனைய பகுதிகளுக்கும் கட்டம் கட்டமாக விரிவுபடுத்தப்பட்டது. சாரதி தனது கைத்தொலைபேசியில் வங்கிச் செயலி மூலம் பணத்தைச் செலுத்துகிறார். செலுத்திய செய்தி பொலிஸ் உத்தியோகத்தரின் கைத்தொலைபேசிக்கு வருகின்றது. அனுமதிப்பத்திரத்தை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டு போகலாம். 2025 ஆகஸ்டில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நினைத்துப் பார்த்தால், பணம் கட்ட இரண்டாவது வழி ஒன்று இருப்பதன் அருமை விளங்கும். உங்கள் சாரதியிடம் வங்கிக் கணக்கும் செயலியும் இல்லையென்றால், அவர் உங்களுக்குத் தொலைபேசி எடுக்க, நீங்கள் கடையிலிருந்தே கட்டிவிட முடியுமா என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வேண்டாம், ‘பார்த்துக்கொள்ளலாம்’

இதை எழுதாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவனாவேன். ஆயிரம் ரூபாச் சீட்டுக்குப் பதிலாக ஐந்நூறு ரூபாத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வருவதைக் கெட்டித்தனமாகப் பேசுபவர்கள் எம் மத்தியிலும் இருக்கிறார்கள். இலஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் மார்க்கம் ஒரே தட்டில் வைத்துச் சபித்திருக்கின்றது என்பதை ஜும்ஆக்களில் கேட்டுக் கேட்டு எமக்கு மனப்பாடம். நாட்டின் சட்டமும் அப்படியே. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி கொடுப்பதும் குற்றம். எவராவது கேட்டால் முறையிடுவதற்கு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கின்றது.

மார்க்கத்தையும் சட்டத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் அது நட்டமே. சீட்டுக்குப் பற்றுச்சீட்டு உண்டு, கணக்கில் எழுதலாம், விடயம் முடிந்துவிடும். மடித்துக் கொடுத்த தாளுக்கு எதுவுமில்லை. அடுத்த கிழமை அதே வளைவில் அதே லொறி மீண்டும் மறிக்கப்படும். ஒரு தடவை கொடுத்தவர் என்ற பெயர்தான் மிச்சம்.

குற்றம் செய்யவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதற்கும் வழி இருக்கின்றது. பணத்தைக் கட்டாமல் நீதிமன்றத்தில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லலாம். நிர்ணயத் தண்டம் அந்த உரிமையைப் பறிக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்வதென்று தீர்மானித்தால் உடனே ஒரு சட்டத்தரணியைக் கண்டு, அனுமதிப்பத்திரத்துக்கும் தவணைக்கும் என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றும் செய்யாமல் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருப்பது எதிர்த்து வாதாடுவது ஆகாது.

தண்டம் கட்டணம் அல்ல

இந்த முறையில் உள்ள பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தொகை நிலையாக இருக்கப் பணத்தின் பெறுமதி இறங்கிக்கொண்டே போகின்றது. 2018 இல் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானை 2022 நெருக்கடிக்குப் பின்னர் அந்தக் காசுக்கு வாங்க முடியாது என்பது எம்மைவிட வேறு யாருக்குத் தெரியும்? பாரம் கூடினால் 500 ரூபாதானே, இரண்டு நடை போவதை ஒரு நடையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடும் முதலாளிக்கு அது தண்டமல்ல, கட்டணமாகிவிடுகின்றது.

அதற்காகத் தொகையை ஒரேயடியாக ஏற்றினால் சரியாகிவிடுமா? இந்தியாவில் 2019 செப்டெம்பர் முதலாம் திகதி தண்டங்களைப் பன்மடங்காக உயர்த்தினார்கள். மக்கள் எதிர்ப்பினால் குஜராத் போன்ற மாநிலங்கள் அதே மாதத்திலேயே பலவற்றைக் குறைத்து அறிவித்தன. கட்ட முடியாத தொகை மீண்டும் நீதிமன்றத்தைத்தான் நிரப்பும். கட்டக் கூடிய தொகை, காலத்துக்குக் காலம் திருத்தம், திரும்பத் திரும்பச் செய்பவருக்குக் கூடிய தண்டனை என்பதே எனது சிறிய அறிவுக்கு எட்டும் வழி.

எமது மலைப் பாதைகள் மன்னிக்கும் பாதைகள் அல்ல. 2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதெல்லவில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் மோதியதில் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்த 7 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். அவற்றின் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் ஒரு கணக் கவனக் குறைவுக்கு இந்த வீதிகளில் என்ன விலை என்பதை அந்த ஜனாஸாக்களும் மரண வீடுகளும் எமக்குச் சொல்லிவிட்டன. அந்த விலையைத் தபாலகத்தில் கட்ட முடியாது.

எமது கடையில் செய்த மாற்றம்

சாரதி ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று யோசித்தேன். “தண்டம் அடிபட்டால் அது உன் செலவு” என்று ஒரு காலத்தில் நான்தான் கடையில் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தேன். அவர் மறைத்ததில் பாதிக் குற்றம் என்னுடையது. இன்னும் சொல்லப் போனால், அந்த இடத்தில் நிறுத்திச் சாமான் இறக்கச் சொன்னதும் எமது கடைதான். எமது வேலைக்காக நிறுத்திய வாகனத்துக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் கை வைப்பது ஹக் அல்ல.

இப்போது எமது கடையில் மூன்று ஒழுங்குகள் இருக்கின்றன. முதலாவது, சீட்டு வாங்கிய அன்று மாலையே அது காசாளர் மேசைக்கு வர வேண்டும். கொண்டு வந்தவருக்கு ஏச்சு இல்லை. இரண்டாவது, கடை உடனே பணத்தைக் கட்டும். கடையின் வேலையால் வந்த தண்டம் என்றால் கடையின் செலவு. வேகம், தொலைபேசி, ஆசனப்பட்டி போன்ற சாரதியின் தவறு என்றால் அவர் பங்கு. அதையும் இரண்டு மூன்று மாதமாகச் சிறிது சிறிதாகவே கழிப்போம். மூன்றாவது, ஒரு கொப்பியில் திகதி, இடம், குற்றம், தொகை, அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைத்த நாள் ஆகியவற்றை எழுதி வைப்போம். ஒரே இடத்தில் மூன்று தடவை தண்டம் வந்தால், பிழை சாரதியில் அல்ல, எமது விநியோக நேரத்தில் என்று தெரியவரும். அப்படித் தெரிந்து, ஒரு கடைக்குச் சாமான் இறக்கும் நேரத்தைக் காலை ஆறரைக்கு மாற்றினோம். அந்த இடத்தில் அதன் பிறகு சீட்டு வரவில்லை.

அந்தப் பிள்ளை இன்றும் எமது லொறியைத்தான் ஓட்டுகிறார். சென்ற மாதம் ஒரு சீட்டோடு வந்து, “முதலாளி, இது என் பிழைதான்” என்று மேசையில் வைத்தார். அடுத்த நாள் காலையில் பணம் கட்டி, பகலுக்குள் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி: லொறி - தண்டம் - 1,000. அதற்குக் கீழே வேறொன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.